டீ குடிக்க விடாத கம்ப்யூட்டர்

அத்தியாயம் 5

"அங்கேயே நில்லு. உள்ள வந்தே, காலை ஒடிச்சுடுவேன்."

திருவொற்றியூரில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு இது. சொன்னவன் வெண்சங்கு கன்டெய்னர் யார்டின் கேட்காரன். கையில் ஒரு தடி. அந்தத் தடியைவிட அவன் கால் ஒல்லி.

"ஒடிக்கிறதா இருந்தா இடது காலை ஒடி நைனா. வலது கால் பிரேக்குக்கு வேணும்," என்றேன்.

பைக்கின் பின்சீட்டிலிருந்து இறங்கிய அஜீசுன்னிசா மேடம் சிரிக்கவில்லை. மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த முகம் அசைந்ததில்லை. கல்லுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிற உத்தியோகம் என்னுடையது.

நான் லூயிஸ், மேடத்தின் உதவியாள். ராயபுரத்தில் மேடம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். முன்பக்கம் நாலு பழைய கம்ப்யூட்டர், அதில் விடலைகள் முகம் தெரியாத பெண்களோடு சாட்டிங். தட்டிக்குப் பின்னால் ஒரு மேசை, அதுதான் எங்கள் துப்பறியும் நிலையம். முன்னால் அந்த நாலு ஓட்டை மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டுப் பின்னால் வந்து மனிதர்களோடு மல்லுக்கட்டுவார் மேடம். இரண்டிலும் அவருக்குப் பொறுமை கிடையாது.

"எஸ்.ஐ. வரதன் உள்ள கீறாரா?" என்று கேட்காரனிடம் கேட்டார்.

"யாரா இருந்தா உனக்கு இன்னா?"

"அவருதான் வரச் சொன்னாரு. நீ காலை ஒடிச்சதை அவர்கிட்டயே சொல்லிக்க."

கேட் திறந்தது. எண்ணூர் சாலையின் டிரெய்லர் புழுதி எங்களோடு சேர்ந்து உள்ளே வந்தது. பின்னாலேயே ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாள் கன்னியம்மா. எங்கள் கட்சிக்காரி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அவள் புருஷன் டில்லிபாபு இந்த யார்டின் எடை மேடை ஆபரேட்டர். மேடையில் ஏறுகிற வண்டியின் எடையைக் கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்புவது அவன் வேலை. இப்போது அவன் ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கிறான்.

விஷயம் இதுதான். நேற்று சாயங்காலம் இந்த யார்டிலிருந்து போன ஒரு டிரெய்லர் எண்ணூர் சாலை வளைவில் கவிழ்ந்தது. அளவுக்கு மீறிய பாரம். டிரைவர் அப்பாவு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். டில்லி எடையே போடாமல் வண்டியை அனுப்பிவிட்டான் என்பது யார்டு மேனேஜர் நேற்றே கொடுத்த புகார்; அது வெளியே தெரியாமலிருக்கக் கம்ப்யூட்டரையும் நாசமாக்கிவிட்டுப் போய்விட்டான் என்று இன்று காலையில் அதோடு சேர்த்துச் சொன்னார். நேற்று டில்லி வீடு போய்ச் சேர்வதற்குள் போலீஸ் அவனைப் பஸ் ஸ்டாப்பிலேயே அள்ளிக்கொண்டு போனது.

"எடை போட்டேன், பாரம் ஜாஸ்தின்னு கம்பூட்டர்ல ஏத்துனேன், மேனேஜர்தான் வண்டியை ஓட்டுன்னாருன்னு சொல்லுது எம் புருஷன்," என்று காலையில் எங்கள் தட்டிக்குப் பின்னால் நின்று சொன்னாள் கன்னியம்மா. "இருட்டறதுக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டாண்ட நிறுத்திடுவாங்களாம். உள்ள போச்சுன்னா அத்தோட சரி. நீ எதுனா பண்ணு. பண்ண முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, என் நேரத்தை வீணாக்காத."

வந்து நின்ற விதத்திலேயே மேடத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எனக்குத்தான் கொஞ்சம் பயமாக இருந்தது.

எடை மேடைக்குப் பக்கத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு கேபின். உள்ளே நான்கு பேர். எஸ்.ஐ. வரதன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். மேனேஜர் அலெக்ஸாண்டர், இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, முறைத்தபடி நின்றார். மூலையில் துடைப்பத்தோடு எடை மேடை உதவியாள் பொன்னுரங்கம். பெருக்குவது, மேடையில் வண்டியைச் சரியாக நிறுத்திக் காட்டுவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர்தான். நான்காவது ஆள் டை கட்டியிருந்தான். இந்த வேகாத வெயிலில் திருவொற்றியூரில் டை கட்டுகிறவனைப் பார்த்தாலே எனக்கு இரண்டு அறை விடத் தோன்றும்.

"ரோஷன். தண்டையார்பேட்டையில கம்ப்யூட்டர் கோர்ஸ் நடத்துறேன். இங்க சர்வீசும் நான்தான்," என்றான் அவன். கை கொடுக்கவில்லை.

"இந்த அம்மா எதுக்கு சார் இங்க?" என்றார் அலெக்ஸாண்டர், எஸ்.ஐ.யிடம். "பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிறவங்களுக்கு போலீஸ் வேலையில என்ன ஜோலி? அந்தப் பொம்பளை வேற. வெளிய அனுப்புங்க முதல்ல."

"இன்னாய்யா பொம்பளை?" கன்னியம்மா முன்னே வந்தாள். "வூட்டுக்காரனை உள்ள தள்ளிட்டு வெள்ளைச் சட்டையா போட்டுகினு நிக்கிற? பேமானி!"

"ஏம்மா, சும்மா இரு!" எஸ்.ஐ. அதட்டினார். பிறகு மேடத்தைப் பார்த்து, "சீக்கிரம் பாருங்க. மெஷினை இவர் கடைக்கு எடுத்துப் போய் ஃபார்மேட் பண்ணித் தரேங்கிறார். வண்டியில ஏத்தப் போற நேரத்துல வந்திருக்கீங்க."

"ஃபார்மேட்டா?"

"வேற வழியில்ல மேடம்," என்றான் ரோஷன், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரலில். "ஹார்டு டிஸ்க் செத்துடுச்சு. விண்டோஸ் காலி. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணும்."

தலைவலியோ கால்வலியோ, இந்தக் கம்ப்யூட்டர் டாக்டர்களிடம் இருப்பது ஒரே மாத்திரை, ஃபார்மேட். அதை அங்கேயே சத்தமாகச் சொன்னேன். ரோஷன் என்னைப் பார்த்த பார்வையில் கேபினே இன்னும் கொஞ்சம் சூடானது.

"எப்படிப்பா செத்துச்சு?" என்றார் மேடம்.

ரோஷன் மானிட்டருக்கு மேலே சுவரைக் காட்டினான். டீக்கறை படிந்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'மெயினை இழுத்து அணைக்காதீர். ஸ்டார்ட், ஷட் டவுன், ஓகே. இப்படிக்கு ரோஷன்.'

"எத்தனை தடவை சொல்லியாச்சு! தினமும் மெயின் சுவிட்சை இழுத்தே அணைக்கிறாங்க. காட்டுமிராண்டிங்க. நேத்தும் அந்த டில்லிபாபு அப்படித்தான் அணைச்சுட்டுப் போயிருக்கான். அதான் டிஸ்க் அடிபட்டுப் போச்சு."

"அப்படியா?" மேடம் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார். "நேத்து எப்படி அணைச்சீங்கோ?"

பொன்னுரங்கம் முதலில் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையசைத்த பிறகுதான் வாய் திறந்தது.

"எப்பவும் மாரிதாங்க. டில்லி எந்திரிச்சுது. நான் மெயினை இழுத்தேன். கம்பூட்டரு டப்புனு அணைஞ்சுது. பூட்டி, சாவியை சார் கைல குடுத்துட்டோம்."

"எடை போட்டானா, போடலையா?"

மறுபடியும் மேனேஜரைப் பார்த்தார். "தெர்லங்க. நான் பெருக்கிக்கினு இருந்தேன்."

"சாவி?"

"என் பாக்கெட்ல," என்றார் அலெக்ஸாண்டர். "நேத்து சாயங்காலத்திலேருந்து இந்தக் கதவை யாரும் திறக்கல. காலையில எஸ்.ஐ. சார் முன்னாலதான் திறந்தேன். ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன். உடனே அணைச்சுட்டோம். சாரே பார்த்தார்."

"பார்த்தேன்," என்றார் எஸ்.ஐ.

"மூணு பேரும் ஒரே மாரி சொல்றாங்கோ. நேத்து மெயினை இழுத்து அணைச்சது. அப்பறம் யாரும் தொடல. கேட்டுக்கினீங்களா சார்?"

"கேட்டேன் மேடம். அதுல என்ன இருக்கு?"

"இருக்கோ இல்லையோ, நீங்க கேட்டா போதும்," என்று சொல்லிக்கொண்டே மேடம் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினார்.

அது உறுமிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதுமே பொன்னுரங்கம் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, ஆணியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். இந்தக் கேபினில் கம்ப்யூட்டர் உறுமினால் தூக்குவாளி கிளம்பும் போலிருக்கிறது.

திரை கறுத்தது. வெள்ளை இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. சிஸ்டம் இல்லாத டிஸ்க், அதை மாற்றிவிட்டுக் கீபோர்டில் ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று அர்த்தம்.

"பார்த்தீங்களா? செத்துடுச்சு," என்றான் ரோஷன். அவன் குரலில் துக்கம் துளியும் இல்லை.

மேடம் குனிந்து, பெட்டியின் முன்னாலிருந்த ஒரு சின்ன பட்டனை அமுக்கினார். உள்ளேயிருந்து ஒரு கறுப்பு ஃப்ளாப்பி நாக்கை நீட்டியது.

"இது உள்ள கீதே. கம்ப்யூட்டர் முதல்ல ஃப்ளாப்பியிலதான் சிஸ்டத்தைத் தேடும். காலி ஃப்ளாப்பியைச் சொருகி வச்சா, இல்லைன்னு சொல்லி நின்னுடும். ஹார்டு டிஸ்க் பக்கமே போவாது. எங்க கடையில பசங்க தினமும் இப்படி மறந்துட்டுப் போவானுங்கோ. கோர்ஸ் நடத்துறவனுக்கு இது தெரியாதா?"

ரோஷனின் கை டையைத் தளர்த்தியது. "அது... கவனிக்கல."

"டில்லி சொருகிட்டுப் போயிருப்பான்!" என்றார் அலெக்ஸாண்டர். "நாசவேலை. எழுதிக்குங்க சார்."

"பொய்யி! பொய்யி!" என்று கத்தினாள் கன்னியம்மா. நான் நடுவில் புகுந்து நின்றேன். எனக்குத்தான் இரண்டு முழங்கை கிடைத்தது.

மேடம் அந்தக் கூச்சலைக் காதில் வாங்கவில்லை. ஃப்ளாப்பியை எடுத்து எஸ்.ஐ. கையில் கொடுத்துவிட்டுக் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினார். கம்ப்யூட்டர் மேற்கொண்டு ஓடத் தொடங்கியது. உடனே எஃப் எட்டு கீயைப் படபடவென்று அழுத்தினார். திரையில் ஒரு பட்டியல் வந்து நின்றது.

"விண்டோஸ் தொண்ணூத்தெட்டுக்கு இது பின்வாசல் சார். முன்வாசல் அடைச்சிருந்தா இப்படிப் போலாம். முதல் வழி நார்மல். மூணாவது சேஃப் மோடு, உடம்பு சரியில்லாத நேரத்துக்குக் கஞ்சி மாரி, அத்தியாவசியமானது மட்டும் ஓடும். நாலாவது, ஒவ்வொண்ணா உங்களைக் கேட்டுட்டுத் தொடங்கும். டிஸ்க் செத்திருந்தா எந்த இடத்துல செத்துதுன்னு அதுல தெரிஞ்சுடும். நீங்களே குந்துங்க. நான் தொட்டேன்னு அப்பறம் யாரும் சொல்லக் கூடாது."

எஸ்.ஐ. வரதன் நாற்காலியில் உட்கார்ந்து நாலை அழுத்தினார். இதை ஏற்றட்டுமா, அதை ஏற்றட்டுமா என்று திரை ஒவ்வொரு வரியாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் என்ட்டர் தட்டினார்.

"நம்ம ஸ்டேஷன் விசாரணை மாதிரியே இருக்கே," என்றார்.

"இங்க அடி மட்டும் இல்ல சார்," என்றேன். எஸ்.ஐ.யும் சிரிக்கவில்லை. எனக்கு வாய்த்த ஜனங்கள் அப்படி.

எந்த இடத்திலும் அது சாகவில்லை. மேகப் படம் வந்தது. மேகம் கலைந்து, சின்னச் சின்னப் படங்களோடு விண்டோஸ் ஜம்மென்று திறந்தது.

"ஃபார்மேட் பண்ணணுமா?" என்று ரோஷனைக் கேட்டேன்.

"சில நேரம் தானா சரியாகும்," என்று முனகினான்.

எஸ்.ஐ. எடை மேடைப் பதிவுகளைத் திறந்து நேற்றைய வண்டிகளைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை. கீழிருந்து மேலே ஒரு தடவை. பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அப்பாவு வண்டி இதுல இல்ல."

"நான்தான் சொன்னேனே!" அலெக்ஸாண்டர் மேசையில் அடித்தார். "எடையே போடாம அனுப்பியிருக்கான். துப்பறிய வந்தவங்க எங்க கேஸை நிரூபிச்சுக் குடுத்துட்டாங்க. ரொம்ப நன்றிம்மா, கிளம்புங்க."

எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டார். "சாரி மேடம். கேஸ் இன்னும் கெட்டியாயிடுச்சு. நான் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன்."

கன்னியம்மா மேடத்தின் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்புதான்.

"உன்னை நம்பி வந்தேனே. செத்துக் கெடந்ததை எழுப்பி எம் புருஷன் கழுத்துல கத்தி வைக்க வச்சுட்டியே! நீ நல்லா இருப்பியா?"

மேடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வராமல் இருந்திருந்தால் டில்லிமேல் வெறும் சந்தேகம்தான் இருந்திருக்கும். வந்து, சாட்சியே தேடிக் கொடுத்துவிட்டோம். மேடம்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. இந்தப் பொம்பளைக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று மனதுக்குள் திட்டினேன்.

அப்போதுதான் தூக்குவாளியோடு பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் டீ, மறு கையில் கவிழ்த்து அடுக்கிய கிளாஸ்கள். திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா, அதுக்குள்ள தொறந்துடுச்சா?" என்றார். "நீலம் ஓடலியா?"

மேடம் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னா நீலம்?"

"தினத்துக்கும் காலைல போட்டா நீலமா ஒரு ஸ்கிரீன் வரும். அதுல மஞ்சக் கோடு ஒண்ணு ஊர்ந்துகினே போவும். அது முடியங்காட்டியும் வேலை செய்ய முடியாது. நான் போயி டீ வாங்கியாந்துடுவேன். டில்லியும் நானும் குடிச்சு முடிச்சாத்தான் அதுவும் முடியும். இன்னிக்கு இன்னா, டீ சூடு ஆறல, இது தொறந்துகினு கீது?"

"அரே, அதைத்தாம்பா நானும் கேட்கணும்னு நெனைச்சேன்," என்றார் மேடம். "என் வாயால கேட்டா இவங்க நம்ப மாட்டாங்கோ. நீ வரட்டும்னு இருந்தேன்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். "புரியலையே."

"நீங்களும் பார்த்திருப்பீங்க சார். கரண்ட்டு கட்டாகி மறுபடி போட்டா, ஒயுங்கா அணைக்கலன்னு திட்டிட்டு டிஸ்க்கைச் சோதனை பண்ணும் இது. ஸ்டார்ட் போட்டு ஷட் டவுன் பண்ணி அணைச்சா திட்டாது. மெயினை இழுத்தா அடுத்த தடவை கண்டிப்பா திட்டும். காலையில நீங்க போட்டப்போ ஃப்ளாப்பியிலயே நின்னுடுச்சு, ஹார்டு டிஸ்க்கைத் தொடவே இல்ல. அதனால இப்பத்தான் அது முதல் தடவையா முழிச்சது. நேத்து மெயினை இழுத்துதான் அணைச்சோம்னு மூணு பேரும் சொன்னாங்களே, இப்ப ஏன் திட்டல?"

எஸ்.ஐ. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதெல்லாம் செட்டிங்ஸ்," என்றான் ரோஷன் அவசரமாக. "அந்தச் சோதனை வராத மாதிரி ஆஃப் பண்ணி வைக்கலாம். இவங்களுக்கு அரைகுறையாத் தெரியுது சார்."

"வைக்கலாம். ஒத்துக்கிறேன்," என்றார் மேடம். "இதுல வச்சிருக்கான்னு இப்பவே பார்த்துடலாம். பொன்னுரங்கம், டீயைக் கீழ வை. எப்பவும் இழுக்கிற மாரி மெயினை இழு."

பொன்னுரங்கம் சுவரிலிருந்த சுவிட்சின் பிடியில் கை வைத்தார்.

"வேணாம்! வேணாம்!" ரோஷன் பாய்ந்து வந்தான். அவன் கை தன்னால் மவுஸைப் பிடித்து ஸ்டார்ட் பட்டனுக்கு ஓடியது. "ஷட் டவுன் பண்ணிட்டு அணைங்க! டிஸ்க் கெட்டுடும்!"

"செத்துடுச்சுன்னு சொன்னியேப்பா," என்றார் மேடம். "செத்ததுக்கு இன்னா வலி?"

நான் ரோஷனின் டையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தேன். டை கட்டியதால் கிடைத்த ஒரே பிரயோஜனம் அது. பொன்னுரங்கம் சுவிட்சை இழுத்தார். டப். திரை அணைந்தது, விசிறி நின்றது. ரோஷன் முகத்தைச் சுளித்தான், தன்னையே யாரோ அறைந்த மாதிரி.

மறுபடியும் மெயின். மறுபடியும் பட்டன். மறுபடியும் எஃப் எட்டு, நாலு, என்ட்டர்மேல் என்ட்டர். எல்லாம் எஸ்.ஐ. கையாலேயே.

இந்தத் தடவை மேகம் திறந்து வழிவிடவில்லை. பளீரென்று நீலத் திரை வந்து, ஒழுங்காக அணைக்கவில்லை என்று இங்கிலீஷில் முகத்திலடித்த மாதிரி சொன்னது. கீழே மஞ்சள் கோடு ஊர ஆரம்பித்தது.

"த்தோ! இதான் இதான்!" என்று துள்ளினார் பொன்னுரங்கம்.

"செட்டிங்ஸ் ஒயுங்காத்தான் கீது," என்றார் மேடம். "அப்போ கதை இன்னா? நேத்து டில்லி எதிர்ல மெயினை இழுத்தாச்சு. அப்பறம் யாரோ வந்து இதைப் போட்டிருக்காங்கோ. அப்பாவு வண்டியோட எடையை அழிச்சிருக்காங்கோ. அழிச்சுட்டு, ஸ்டார்ட், ஷட் டவுன், ஓகேன்னு மரியாதையா அணைச்சுட்டு, செத்த மாரி தெரியட்டும்னு காலி ஃப்ளாப்பியைச் சொருகிட்டுப் போயிருக்காங்கோ. அந்த நேரம் டில்லி எங்க சார் இருந்தான்?"

"என் லாக்கப்ல," என்றார் எஸ்.ஐ. மெதுவாக.

"இந்த யார்டுல இதை மரியாதையா அணைக்கிற ஆளு யாரு?"

எல்லோர் கண்களும் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்துக்குப் போயின. 'இப்படிக்கு ரோஷன்.'

அலெக்ஸாண்டரின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"முட்டாப் பயலே!" என்று பாய்ந்து ரோஷனின் சட்டையைப் பிடித்தார். "இழுத்துட்டு வாடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ஒரு மெயினை இழுக்கக் கை வரலையாடா உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பிடித்த சட்டையை விட்டார். மஞ்சள் கோடு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

"சாவி உங்க பாக்கெட்லதான் இருந்துச்சுன்னீங்க," என்றார் எஸ்.ஐ. வரதன். குரல் ரொம்பத் தன்மையாக இருந்தது. போலீஸ்காரர்கள் அப்படிப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"நான் என்ன சார் பண்ணுவேன்?" ரோஷன் அழுதுவிட்டான். "நேத்து ராத்திரி அவர்தான் கூப்பிட்டு, கதவைத் திறந்துவிட்டு வெளிய காவலுக்கு நின்னார். அந்த வண்டி எடையை மட்டும் எடு, ஃபார்மேட்டை நாளைக்குப் பார்த்துக்கலாம்னார். டில்லி அணைச்ச மாதிரியே இருக்கணும்னு மெயினை இழுக்கத்தான் சொன்னார். என்னால... அப்படி அணைக்க எனக்கு வராது சார்."

"எடை போட்டோம் சார்!" மூலையிலிருந்து பொன்னுரங்கம் கத்தினார். இந்தத் தடவை அவர் யாரையும் பார்த்துவிட்டுப் பேசவில்லை. "நான்தான் வண்டியை மேடையில நிறுத்துனேன். பாரம் ஜாஸ்தி, இறக்குன்னு டில்லி ஒத்தைக் கால்ல நின்னுச்சு. இவருதான், கப்பல் போயிடும், வண்டியை வுடுன்னாரு. அப்பாவு வோணாம் சார் வோணாம் சார்னு கெஞ்சுனான். வேலை பூடும்னு பயந்துகினு வாயை மூடிக்கினேன்."

கன்னியம்மா அவரைக் காறித் துப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிஷம் அவரையே முறைத்தாள். பிறகு, "இப்பனா வாயைத் தொறந்தியே," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தோம். அலெக்ஸாண்டரும் ரோஷனும் உள்ளே போன கதவு வழியாகத்தான் டில்லிபாபு வெளியே வந்தான். பட்டன் அறுந்த சட்டை, கன்னத்தில் ஒரு வீக்கம். கன்னியம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அவன் கை, கால், முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்வையாலேயே சரிபார்த்தாள்.

"டில்லி, ஒரே ஒரு கேள்விப்பா," என்றார் மேடம். "அந்த ரோஷன் கண்ணுக்கு எதிர்லயே அவ்ளோ பெருசா எய்தி ஒட்டியிருக்கான். ஒயுங்கா ஷட் டவுன் பண்ண உனக்குத் தெரியாதா?"

டில்லி தலையைச் சொறிந்தான். கன்னியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"தெரியும் மேடம். அவன்கிட்டயேதான் கோர்ஸு படிச்சேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு தினமும் மெயினை இழுக்கச் சொன்னே?"

"ஒயுங்கா அணைச்சா காலைல நீலம் வராது மேடம். நீலம் வரலன்னா, போய்க் குந்தினதும் வண்டியை ஏத்து வண்டியை ஏத்துன்னு மேனேஜர் உசுரை எடுப்பாரு. டீ குடிக்க வுடமாட்டாரு."

"டீக்கா?" கன்னியம்மாவின் பை அவன் தோளில் பொத்தென்று விழுந்தது. "டீக்காடா? நான் அங்க சோறு தண்ணி இல்லாம உசுரைக் கைல புடிச்சிகினு அலைஞ்சா, டீயாம்ல டீ!" இன்னொரு அடிக்குப் பையை ஓங்கினாள். அது இறங்கவில்லை. அவன் தோளிலேயே முகத்தை வைத்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஓவென்று அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றான்.

எனக்குப் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அஜீசுன்னிசா மேடம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் என் ஜோக்குக்கு இல்லை.